டொமைன் விற்பனை படுத்துவிட்டால் என்ன செய்வது? திருகோணமலையில் இருந்து ஒரு கணக்கு

(திரையில்: ஒரு கொப்பியின் பக்கம். இடப்பக்கம் டொமைன் பெயர்கள், வலப்பக்கம் புதுப்பிக்க வேண்டிய தேதிகள்.)

வணக்கம். திருகோணமலையில் இருந்து கதைக்கிறேன். டொமைன் பெயர்களை, அதாவது வெப்சைட் முகவரிகளை, பதிந்து வைத்துக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்பது என் தொழில். நீங்கள் பார்ப்பது என்னுடைய கொப்பி. மாரி தொடங்கியதில் இருந்து இதில் "விற்றது" என்று நான் எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான். இதே தொழில் செய்யும் பிள்ளைகள் போன் எடுத்து, "அண்ணா, உங்களுக்கும் இப்படித்தானா?" என்று கேட்கிறார்கள். எனக்கும் இப்படித்தான். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இன்றைக்கு ஒரே இடத்தில், கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதலில் ஒன்று. டொமைன் பெயரை யாரும் அறுதியாக வாங்குவதில்லை. காணி குத்தகைக்கு எடுப்பது மாதிரித்தான். டொட் கொம் பெயரை ஒரே தடவையில் அதிகம் போனால் 10 வருஷத்துக்குப் பதியலாம். கெடு முடிய முன்னர் காசு கட்டாவிட்டால் கடைசியில் பெயர் கைவிட்டுப் போகும். ஆகவே உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பெயரும், விற்றாலும் விற்காவிட்டாலும், வருஷா வருஷம் காசு தின்னும்.

எவ்வளவு தின்னும்? டொட் கொம் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பனி. 2020இல் அவர்களின் மொத்த வியாபார விலை பெயருக்கு 7.85 டொலர். அதற்குப் பிறகு நான்கு தடவை ஏறி, 2024 செப்டெம்பரில் 10.26 டொலர் ஆனது. அதற்கு மேலே, உலகம் முழுக்க டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் கட்டணம் ஒரு சிறு தொகை, பிறகு நாம் பதிகிற கம்பனியின் இலாபம். இது டொலர்ப் பக்கத்துக் கதை. நம்முடைய பக்கத்தில், 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். அதே வருஷம் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கி 300ஐ ஒட்டி நின்றது.

(திரையில்: வெள்ளைப் பலகை. எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன.)

ஒரு பெயருக்கு வருஷம் 12 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வையுங்கள். பெயருக்கு 3,600 ரூபாய். நூறு பெயர் வைத்திருந்தால் வருஷத்துக்கு 360,000 ரூபாய். இப்படிப் பெயர் சேர்த்து வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: நூறில் ஒன்றோ இரண்டோதான் ஒரு வருஷத்தில் விற்கும். சரி, இரண்டு என்றே வைப்போம். அந்த இரண்டும் தலா 180,000 ரூபாய்க்கு விற்றால்தான் புதுப்பிக்கும் காசாவது கைக்குத் திரும்பி வரும். இலாபம் இன்னும் தொடங்கவே இல்லை.

உப்புவெளியில் ஆறு அறை வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் ஒரு பெயருக்கு 180,000 ரூபாய் தருவாரா? தரமாட்டார். தரச் சொல்லிக் கேட்பதும் நியாயம் இல்லை. அந்தக் காசுக்கு அவர் அறைக்கு ஏசி போடுவார்.

ஆகவே, விற்பனை குறைந்துவிட்டது என்று நாம் எல்லோரும் கவலைப்படுகிறோமே, அந்தக் கவலையை இந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நிறையப் பெயரை அடுக்கி வைத்துப் பெரிய வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் முறை, திருகோணமலை மாதிரி ஊரில் விற்பனை நன்றாக இருந்த காலத்திலும் கட்டுப்படியாகவில்லை. டொலர் மலிவாக இருந்ததால் நமக்கு அது தெரியவில்லை. அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது.

முதல் வேலை, பெயர்களைக் குறைப்பது. எதை விடுவது, எதை வைத்திருப்பது என்பதற்கு நான் செய்வது ஒரு போன் சோதனை. நிலாவெளிக் கடற்கரையில் நின்று, கச்சான் காற்று அடிக்கும்போது, போனில் அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லுங்கள். மற்றப் பக்கத்தில் இருப்பவர் எழுத்துக் கூட்டிக் கேட்காமல் எழுதினால் வைத்திருங்கள். "ஒரு ஈயா, ரெண்டு ஈயா?" என்று கேட்டால் யோசியுங்கள். நம்முடைய ஊரின் பெயரே இதற்கு நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு 'ஈ' வரும். வெளிநாட்டுக்காரர் பாதிப்பேர் ஒன்றைத்தான் போடுவார்கள். 'டிரிங்கோ' என்று சுருக்கினால் பிழை விட இடம் இல்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர்கள் இன்னும் சிக்கல். 'தயிர்' என்பதை நம்மவர்கள் மூன்று விதமாக எழுதுவார்கள். 'ழ' வருகிற பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். கிண்ணியாத் தயிருக்கு என்று ஆசைப்பட்டுப் பதிந்த பெயர் ஒன்றை இந்தக் காரணத்துக்காகவே போன வருஷம் விட்டுவிட்டேன்.

அந்தச் சோதனையில் தப்பிய பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை வாங்கக்கூடிய பத்துக் கடையின் பெயரை எழுதுங்கள். உண்மையான கடை, பலகை வைத்த கடை. பத்து வரவில்லை என்றால் அந்தப் பெயர் உங்களுடைய ஆசை. சந்தைக்கு அது தேவை இல்லை.

இப்போது வாங்குகிறவர் பக்கம் வருவோம். கடைக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான்: "பேஸ்புக்கில போட்டா ஆக்கள் வாறாங்கதானே தம்பி, இனி எதுக்கு வெப்சைட்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சில கடைகளுக்கு உண்மையிலேயே தேவை இல்லை. மத்திய வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்தி, அந்த வீதியில் போகிறவர்களுக்கே விற்கிறவருக்கு வட்ஸ்அப்பும் கூகுள் வரைபடத்தில் ஒரு புள்ளியும் காணும். நான் அப்படியே சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அப்படிச் சொன்ன ஒரு கடைக்கார ஐயாதான் பிறகு தன்னுடைய மருமகனின் ஹோட்டலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

யாருக்குத் தேவை என்றால், வாடிக்கையாளர் வெளியூரில் இருந்து வருகிறவருக்கு. அவருக்கு முன்னால் கணக்கை வையுங்கள். முன்பதிவுத் தளங்கள் எடுக்கும் கமிஷன் பெரும்பாலும் 15 சதவீதம் அளவில் இருக்கும். அறை வாடகை 10,000 ரூபாய் என்றால் 1,500 ரூபாய் போகிறது. போன வருஷம் வந்து தங்கி, புறாத்தீவு பார்த்துப் போன குடும்பம் இந்த வருஷம் நேரடியாக மின்னஞ்சல் போட்டு மூன்று இரவு பதிந்தால் 4,500 ரூபாய் மிச்சம். பெயரின் ஒரு வருஷக் காசு ஒரே குடும்பத்தில் வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது நான் வெப்சைட் பற்றியே பேசுவதில்லை. அறைச் சாவியோடு கொடுக்கிற அட்டையில் என்ன முகவரி அச்சடித்திருக்கிறது என்றுதான் கேட்பேன்.

இன்னொன்றும் சொல்லலாம். கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட் சேவையை 2024 மார்ச்சில் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரியை அழுத்தினால் கடையின் வணிகப் பக்கம் திறந்தது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அந்த முகவரியைப் பலகையில் எழுதியவர்கள் பலகையை மாற்ற வேண்டி வந்தது. தன் பெயரில் டொமைன் வைத்திருப்பவர், உள்ளே இருக்கும் சேவை எது மாறினாலும் பலகையை மாற்றத் தேவை இல்லை.

மின்னஞ்சலும் அப்படித்தான். 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயில், தனக்கு வரும் அஞ்சல்களின் அனுப்புநர் அடையாளத்தைக் கடுமையாகப் பார்க்கிறது. அஞ்சல் உண்மையிலேயே அவரிடம் இருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் போட்டுக் கொடுப்பது உங்களுக்கு அரை மணித்தியால வேலை. போடாவிட்டால் ஹோட்டல்காரர் அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பாமுக்குள் போய்விடலாம். பெயரை மட்டும் விற்றுவிட்டு வராதீர்கள். இதையும் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

(திரையில்: சுவர்க் கலண்டர். ஜனவரி, பெப்ரவரி வட்டமிடப்பட்டுள்ளன.)

எப்போது போவது? நம்முடைய கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. ஐரோப்பாக்காரர் கோடை விடுமுறையை வருஷத் தொடக்கத்திலேயே திட்டமிடுவார்கள். அதனால் ஹோட்டல்களுக்கு ஜனவரி, பெப்ரவரி. மழை ஓய்ந்து, அறைகளுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கும் நேரம். முதலாளி கடையில் நிற்பார், கதைக்க நேரம் இருக்கும். ஜூலையில் போனால் அவர் உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அரிசி ஆலை, உழவு இயந்திர உதிரிப்பாகம், ஹாட்வெயார் வைத்திருப்பவர்களுக்கு மார்ச். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும். நவம்பரில் வெள்ளம் நிற்கும்போது யாரிடமும் போகாதீர்கள். அந்த மாதம் கொப்பியைத் திருத்தும் மாதம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். கடலுக்கடியில் நீந்தக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு டைவிங் கடைக்கார நானா என்னிடம் வந்தார். கையில் பில் புத்தகம். ஒவ்வொரு தாளின் தலையிலும் வெப்சைட் முகவரி, மின்னஞ்சல் முகவரி. புதிதாக அச்சடித்த இருபது புத்தகம் கடையில் கட்டோடு இருக்கிறதாம். "ஈமெயில் ஒண்டும் வரல்ல தம்பி. ஆக்கள் நம்மள மறந்துட்டாங்க எண்டு நினைச்சன்." பெயரைத் தேடிப் பார்த்தேன். கெடு முடிந்து மீட்புக் காலத்தில் நிற்கிறது. பதிந்தது வெப்சைட் செய்து கொடுத்த பொடியன், தன்னுடைய பெயரில். அவன் கட்டாருக்குப் போய்விட்டான். எச்சரிக்கை அஞ்சல் எல்லாம் அவன் பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கிறது.

டொட் கொம் பெயர் கெடு முடிந்தவுடன் போய்விடாது. பதிவுக் கம்பனி 45 நாள் வரை வைத்திருக்கலாம். அதன் பிறகு மீட்புக் காலம் 30 நாள், அதற்குள் தனிக் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் முடிந்தால் 5 நாள் பூட்டி வைத்து, பிறகு யாரும் எடுக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் பார்த்தபோது மீட்புக் காலத்தில் எட்டு நாள் மிச்சம். அந்தப் பொடியனை வட்ஸ்அப்பில் பிடிக்க இரவு பதினொரு மணியானது. நல்ல பிள்ளை, உடனே உள்ளே போய்ச் செய்து தந்தான். கட்டிய காசு சாதாரண வருஷக் காசின் பல மடங்கு. பெயர் தப்பியது. அடுத்த நாளே நானாவின் பெயரில் கணக்குத் திறந்து அதற்குள் மாற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் அவருக்கு எந்தப் பெயரும் விற்கவில்லை. ஆனால் அவர் போய் இன்னும் நான்கு பேரை அனுப்பினார். நான்கு பேரில் மூன்று பேரின் டொமைன் வேறு யாருடையவோ பெயரில் கிடந்தது. இன்றைக்கு 23 கடைகளின் கெடுத் தேதி இந்தக் கொப்பியில் இருக்கிறது. கணக்கு அவர்களுடைய பெயரில், சாவி அவர்களுடைய கையில். நான் தேதியைப் பார்க்கிறேன், காசு கட்டுகிறேன், மின்னஞ்சல் போகிறதா வருகிறதா என்று பார்க்கிறேன். அதற்கு வருஷம் ஒரு தொகை. விற்பனை படுத்த இந்த மாரியில் என் வீட்டு அடுப்பு எரிவது இந்த 23 கடையால். பெயர் விற்பவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில் முதலில் தேட வேண்டியது இப்படி அநாதையாகக் கிடக்கும் டொமைன்களைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நல்ல பெயர், வாங்க ஆசை, ஆனால் மொத்தக் காசு இல்லை என்கிறவருக்குத் தவணைக்குக் கொடுங்கள். பன்னிரண்டு மாதத் தவணை. முழுக் காசும் கட்டும் வரை பெயர் உங்கள் கணக்கில் இருக்கும், பயன்பாடு முதல் நாளில் இருந்தே அவருக்கு. இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் செய்யாதீர்கள். கையில் காசு இல்லாத நேரத்தில் மனம் அங்கேதான் போகும். ஏற்கெனவே நடக்கும் கடையின் பெயரை அவருக்குத் தெரியாமல் பதிந்துவிட்டு அவரிடமே விலை பேசாதீர்கள். வர்த்தகக் குறியை இப்படிப் பிடித்து வைப்பவர்களிடம் இருந்து பெயரை மீட்டுக் கொடுக்க 1999 முதல் ஐகானின் நடைமுறை இருக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது பிழை. நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டும்.

டொட் இலங்கை பற்றியும் கேட்கிறார்கள். நம்முடைய எழுத்திலேயே முடியும் அந்தப் பெயர்வெளி 2010இல் வந்தது. எனக்கு அதில் பெரிய விருப்பம். ஆனால் சில செயலிகளில் ஒட்டினால் தமிழ் போய் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனால் இரண்டாவது பெயராக, பலகைக்கு என்று வாங்கச் சொல்கிறேன். ஹோட்டல்களுக்கு டொட் ஹோட்டல் டொட் எல்கே என்றும் ஒரு பிரிவு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

(திரையில்: கணினித் திரை. டொமைன் பட்டியல். அம்புக்குறி ஒரு பெயரில் நிற்கிறது.)

இது நான் ஏழு வருஷமாக வைத்திருக்கும் பெயர். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளின் பெயர். சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிய இடம். அந்த ஆசையில் பதிந்தேன். போனில் சொன்னால் பாதிப்பேர் கிண்ணியா என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். பத்துக் கடை எழுதப் பார்த்தேன், இரண்டுக்கு மேல் வரவில்லை. இதுவரை இருபதாயிரம் ரூபாய்க்குக் கிட்டக் கட்டியிருக்கிறேன். வருகிற 14ஆம் தேதி கெடு.

(திரையில்: தானாகப் புதுப்பிக்கும் பொத்தான். பச்சையில் இருந்து சாம்பலுக்கு மாறுகிறது.)