குடத்தை உருட்டினா எது முதல்ல வரும்: காலிக்குடமா, நிறைகுடமா?

[காட்சி: திருவையாறு பக்கம், குடமுருட்டி ஆத்தங்கரை. ஒரு டைல்ஸ் துண்டு மேல டென்னிஸ் பந்து அசையாம நிக்குது. பின்னால தண்ணி ஓடுது.]

டெல்டா பூமி பார்க்கத் தட்டு மாதிரி இருக்கும். ஆனா வாட்டம் உண்டு. இல்லன்னா கல்லணையில திறந்த தண்ணி கடைமடைக்கு வந்து சேராது. ஆயிரம் அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தாலே வாய்க்கால்ல தண்ணி தாராளமா ஓடும். அதே வாட்டத்துல டென்னிஸ் பந்தை வெச்சா நகராது. தரையைத் தொடுற இடத்துல பந்து லேசா நசுங்குது. அந்த நசுங்கல்ல வீணாகுற ஆற்றலுக்கு ஈடா கொஞ்சமாவது சரிவு வேணும். தண்ணிக்கு அந்தத் தொல்லை இல்ல.

[காட்சி: முற்றத்துல பிளைவுட் பலகை. ஒரு முனைக்குக் கீழ முட்டு.]

அதனால சரிவை நாமளே செய்யலாம். 2 மீட்டர் நீளம், 18 மி.மீ. கனத்துல பிளைவுட். ஒரு முனையைச் சரியா 10 செ.மீ. தூக்குங்க. நடுவுல தொய்யாம இருக்க 5 செ.மீ. உயரத்துக்கு இன்னொரு முட்டு. குறுக்குவாட்டுல ரசமட்டம் வெச்சுப் பாருங்க. குமிழி நடுவுல நிக்கலன்னா பந்து பாதி வழியிலேயே ஓரமா இறங்கிடும். விரலால விடாதீங்க, தெரியாமலே ஒரு தள்ளு விழும். அடிஸ்கேலைக் குறுக்கே பிடிச்சு, சரிவு போற பக்கமா வெடுக்குன்னு எடுங்க.

உராய்வே இல்லாம ஒரு பொருள் வழுக்கிட்டு வந்தா 2.86 வினாடியில கீழ வந்துடும். இப்ப ஒரு இன்ச் பேரிங் குண்டை உருட்டுங்க: 3.38 வினாடி. சின்னக் கோலிக்குண்டு? அதுவும் 3.38. எடையும் பொருட்டில்ல, அளவும் பொருட்டில்ல. நாலு இன்ச் பிவிசி பைப்புல அறுத்த வளையம்? கிட்டத்தட்ட 4.04. இதெல்லாம் கணக்குப்படி வர்ற நேரம். ஸ்டாப்வாட்ச்ல அழுத்துற கைக்கே வினாடியில பத்துல ரெண்டு மூணு பங்கு போயிடும், அதனால போன்ல ஸ்லோ மோஷன் எடுத்து ஃபிரேமை எண்ணுங்க.

[காட்சி: குண்டும் வளையமும் பக்கத்துல பக்கத்துல, மெதுவா.]

ஏன் இந்த வித்தியாசம்? 10 செ.மீ. உயரம் கொடுத்த ஆற்றலை ரெண்டு வேலைக்குப் பங்கு போடணும்: முன்னால நகர, தன்னைத்தானே சுத்த. கெட்டியான குண்டுல பெரும்பங்கு பொருள் நடுப்பக்கமா இருக்கு. அங்க சுத்து வேகம் கம்மி. ஏழு பங்குல அஞ்சு நகர்றதுக்கு, ரெண்டுதான் சுத்தலுக்கு. வளையத்துல எல்லாமே ஓரத்துல இருக்கு, அதனால சரிபாதி சுத்தலுக்கே போயிடுது.

சுத்த வைக்கிறது யாரு? உராய்வுதான். உராய்வுன்னாலே ஆற்றலைத் தின்னும்னு படிச்சவங்களுக்கு இது இடிக்கும். ஆனா நல்லா உருளுற பந்துல, பலகையைத் தொடுற புள்ளி அந்தக் கணத்துல அசையாம இருக்கு. தேய்மானம் இல்ல, அதனால நஷ்டமும் இல்ல. சரிவு ரொம்பச் செங்குத்தானா மட்டும் பிடி விட்டுப் பந்து வழுக்கும். உராய்வுக் குணகம், அதாவது பிடிப்போட அளவைச் சொல்ற எண், 0.3ன்னா கெட்டியான குண்டுக்கு அது சுமார் 46 பாகையில.

நிறைய பேர் சறுக்குற இடம் வேற. பந்து நேரா வரணும்னு அலுமினியம் சேனல்ல, அதாவது 'ப' வடிவத் தடத்துல, உருட்டுறாங்க. பந்து அடியில படாம ரெண்டு விளிம்பு மேல உக்காந்தா கணக்கே மாறிடும். 2.5 செ.மீ. குண்டு, 1.5 செ.மீ. இடைவெளின்னு வெச்சுக்கோங்க. மையத்துல இருந்து தொடுற விளிம்பு வரைக்கும் 1.25 செ.மீ. இல்ல, 1 செ.மீ.தான். அதே தூரம் போக அதிகமா சுத்தணும். நேரம் 3.64 ஆகும். பலகை சொரசொரன்னு இருக்குன்னு நினைச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பீங்க, ஒண்ணும் மாறாது.

பிங்பாங் பந்தும் வேண்டாம். எடை பொருட்டில்லன்னு சொன்னது காத்து குறுக்கே வராத வரைக்கும்தான். 2.7 கிராம் பந்து வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் பிடிக்கும்போது, சரிவு இழுக்குற விசையில கால்வாசியைக் காத்தே பிடிச்சு நிறுத்தும்.

[காட்சி: வழவழப்பான மூணு பாட்டில். ஒண்ணு காலி, ஒண்ணு குமிழி இல்லாம விளிம்பு வரைக்கும் தண்ணி, ஒண்ணுல பாதி வரைக்கும் நல்லா உலர்ந்த ஆத்து மணல்.]

இப்ப குடத்துக்கு வருவோம். காலி பாட்டில் வளையம் மாதிரி, மெதுவா வரும். தண்ணி பாட்டில் பேரிங் குண்டையே முந்தும்! பாட்டில் சுத்தும், உள்ள இருக்குற தண்ணி சுவரை ஒட்டின ஒரு மெல்லிய அடுக்கைத் தவிர சுத்தாம அப்படியே நகரும். சுத்தலுக்குச் செலவே இல்லாத மாதிரிதான். குமிழி இருந்தா தண்ணி அலையும், முடிவு கெடும். ஆக, மூடி போட்டா நிறைகுடம்தான் முதல்ல.

மணல் பாட்டில் இந்தச் சரிவுல அசையவே அசையாது. மணல் அடியில தங்கி, பாட்டிலைப் பின்னால இழுத்துப் பிடிக்கும். உள்ள மணல் சரியற கோணம் 34 பாகைன்னு வெச்சா, பலகையை 47 செ.மீ. தூக்கினாத்தான் உருள ஆரம்பிக்கும்.