சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை ஏன் திறந்து வைக்கக் கூடாது?

(காட்சி: பாம்பன். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். ஸ்ட்ரிப் அதைத் தொடுகிறது.)

தொட்டதும் ரத்தம் தானாக உள்ளே ஓடுகிறது, பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டர் போதும். ஐந்தாறு நொடியில் ரீடிங் வந்துவிடும். சோதனை முழுக்க நடப்பது நாம் தூக்கிப் போடும் அந்தச் சின்னத் துண்டுக்குள்தான்.

(காட்சி: ஸ்ட்ரிப்பின் நுனி, பெரிதாக்கி.)

பிளாஸ்டிக் தாளில் கார்பன் மையால் அச்சடித்த கோடுகள் தெரிகின்றனவா? அவைதான் மின்முனைகள். அவற்றின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற ஒரு நொதியைத் தடவி உலர்த்தியிருக்கிறார்கள். குளுக்கோஸ் வந்தால் நொதி அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். ஆனால் நொதியின் வேலை நடக்கும் இடம் உள்ளுக்குள் ஆழமாக இருப்பதால், எலக்ட்ரான் நேராக மின்முனைக்கு வர முடியாது. கரைக்கு வர முடியாத விசைப்படகிலிருந்து மீனை ஏற்றி வரும் வத்தை என்ற சின்னப் படகு மாதிரி, ஃபெரிசயனைடு போன்ற ஒரு வேதிப்பொருள் எலக்ட்ரானை வாங்கி வந்து சேர்க்கிறது. அந்தச் சிறு மின்னோட்டத்தைத்தான் மெஷின் அளக்கிறது. சுகர் கூடினால் மின்னோட்டமும் கூடும்.

நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் யோசனையை 1962-இல் கிளார்க், லயன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த முறையில் சுகர் பார்க்கும் பேனா வடிவ மீட்டர் 1987-இல் கடைக்கு வந்தது.

(காட்சி: திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் டப்பா. ஜன்னலுக்கு வெளியே கடல்.)

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் பட்டால் நொதியும் கெடும், ஃபெரிசயனைடும் கெடும். ரீடிங் கூடவும் காட்டலாம், குறையவும் காட்டலாம். அதனால்தான் டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்ததும் மூடிவிடுங்கள். வேறு டப்பாவுக்கோ பர்ஸுக்கோ மாற்றவே வேண்டாம்.

அப்புறம், கை. சுகர் 100 இருந்தால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரே ஒரு மைக்ரோகிராம்தான். பனம்பழம் பிசைந்த விரலிலிருந்து இன்னொரு மைக்ரோகிராம் சேர்ந்தால் மெஷின் 200 காட்டும்! அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சுகர் பார்க்கும்போதும் இதே கதைதான்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல ஸ்ட்ரிப்களில் ரீடிங் கொஞ்சம் கூடுதலாக வரும். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூன்று மாதச் சராசரி தெரிய எச்பிஏ1சி பரிசோதனை தனி. இந்த ஸ்ட்ரிப் அதைச் சொல்லாது.

சரியான ஸ்ட்ரிப்பிலும் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம், அது சர்வதேசத் தரமே அனுமதிக்கும் அளவு. ரீடிங் நம்பும்படி இல்லையென்றால் கை கழுவிப் புது ஸ்ட்ரிப்பில் பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால் லேபில் நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சுகருக்கு மருந்து எடுப்பவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால், மெஷின் என்ன காட்டினாலும் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.