மூன்று பெயர்களுக்கு அப்பால் ஒரு லைன்பேக்கர்

(அமெரிக்கத் தமிழர்களின் குளிர்காலச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நெருங்கினால் நம் வீடுகளிலும் ஒரு சண்டை தொடங்கிவிடுகிறது. இறுதிப் போட்டிகளில் ஆடப்பட்ட தடுப்பாட்டங்களில் எது ஆகப் பெரியது? பாஸ்டன் பக்கத்துக்காரர் மால்கம் பட்லர் என்பார். பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார். கொஞ்சம் தலை நரைத்தவர் இருவரையும் ஒதுக்கிவிட்டு மைக் ஜோன்ஸ் என்பார். சமோசா தீர்கிற வரைக்கும் இந்த மூன்று பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். நான் இன்று நான்காவது ஒரு பெயரைச் சொல்லப்போகிறேன். கோபம் வந்தால் கடைசியில் கேள்வி நேரம் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு, அதாவது முப்பது அடி, முன்னேற வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. தடுக்கிற அணியின் நிலைமைதான் பாவம். கபடியில் பாடி வருகிறவனை மடக்கினால் மடக்கிய அணிக்கு உடனே ஒரு புள்ளி உண்டு. இங்கே எவ்வளவு அருமையாக மடக்கினாலும் பெரும்பாலும் பலகையில் எதுவும் மாறாது. எதிரிக்கு வரவேண்டிய புள்ளி வராமல் போனது, அவ்வளவுதான். நடக்காமல் போன ஒன்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது பெரும்பாலும், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளிடமே போவதற்கு இதுவும் ஒரு காரணம். டல்லாஸின் சக் ஹவ்லி 1971 ஜனவரியில் அந்த விருதை வாங்கினார். அவர் லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் தடுப்பு வீரர். அதைவிட வேடிக்கை, அவருடைய அணி அன்று தோற்றுப்போனது. தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சரி, மைக் ஜோன்ஸிடம் வருவோம். 2000 ஜனவரி 30, அட்லாண்டா. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 23, டென்னசி டைட்டன்ஸ் 16. ஆறு நொடி மிச்சம், பந்து பத்து யார்டு தூரத்தில். ஸ்டீவ் மெக்நேர் எறிகிறார், கெவின் டைசன் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். ஜோன்ஸ் அப்போது வைசெக் என்ற வேறொரு வீரரோடு ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டத்திலேயே திரும்பி டைசனின் கால்களைப் பிடித்துக்கொண்டார். டைசன் விழுந்தபடியே கையை நீட்டுகிறார், பந்து கோட்டைத் தொடவில்லை. நேரம் முடிந்தது, ராம்ஸ் சாம்பியன்.

பார்த்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ரசிகர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். டைசன் உள்ளே போயிருந்தாலும் டென்னசிக்கு 22 புள்ளிதான். அதற்கப்புறம் கூடுதல் புள்ளிக்கு உதைத்து 23 ஆக்கினால் ஆட்டம் சமன், கூடுதல் நேரம். ஜோன்ஸ் தோல்வியைத் தடுத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. தோல்விக்கான ஒரு வாய்ப்பைத் தடுத்தார். சத்தமில்லாத, பிழையில்லாத வேலை. ஓர் ஆசிரியர் அதற்கு முழு மதிப்பெண் போடுவார். ஆகப் பெரியது என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று ராம்ஸின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அந்த வார்னரைத்தான் ஒன்பது வருஷம் கழித்து அரிசோனா சட்டையில் மறுபடி பார்க்கிறோம். 2009 பிப்ரவரி 1, டாம்பா. முதல் பாதி முடிய 18 நொடி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 10, அரிசோனா 7. பந்து பிட்ஸ்பர்க் கோட்டின் வாசலில். திட்டப்படி ஹாரிசன் வார்னர்மேல் பாய வேண்டும். அவர் பாயவில்லை. பந்து சீக்கிரம் வெளியே வரும் என்று ஊகித்து ஒரு அடி பின்வாங்கி நின்றார், பந்து நேராக அவர் கையிலேயே வந்து விழுந்தது. அங்கிருந்து நூறு யார்டு ஓட்டம். 240 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மனிதர், ஒவ்வொருவராக இடித்துத் தள்ளிக்கொண்டு மறுமுனைக் கோட்டில் போய் விழுகிறார். கடிகாரத்தில் பூஜ்யம். மூச்சு வாங்க அங்கேயே மல்லாந்து கிடக்கிறார்.

அரிசோனா ஒரு டச்டவுன் போட்டு 14-10 என்று இடைவேளைக்குப் போயிருக்க வேண்டியது. 7-17 என்று போனது. ஆட்டம் முடிந்தது 27-23. வித்தியாசம் வெறும் நான்கு புள்ளி. கணக்குப்படி பார்த்தால் ஹாரிசன்தான் ஜெயிக்க வேண்டும். எனக்கு இருக்கிற தயக்கமெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பற்றி. அவரைத் துரத்திய லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் கோட்டோரமாக ஓடும்போது, அங்கே நின்றிருந்த சொந்த அணிக்காரர் ஒருவர்மீதே மோதிக்கொண்டார். அப்படியும் விடாமல் ஓடி, கடைசி அடியில் ஹாரிசனைப் பிடித்துவிட்டார். அந்த மோதல் இல்லாவிட்டால் அந்த ஓட்டம் எங்கே முடிந்திருக்கும்? இன்னொன்று, திட்டத்தை மீறிய ஊகம் அது. பலித்தால் மேதை, பலிக்காவிட்டால் பயிற்சியாளரிடம் திட்டு. பலித்தது, சரி.

இப்போது பட்லர். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் க்ளெண்டேல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சியாட்டில் பந்தோடு முன்னேறி வருகிறது. ஜெர்மைன் கேர்ஸ் மல்லாந்து விழுந்தபடி, உடம்பில் பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்தார். பந்து ஐந்து யார்டில். அந்த வீச்சைத் தடுக்கப் பாய்ந்து கையால் தட்டியவரும் இந்தப் பட்லர்தான். நன்றாகத் தட்டினார், ஆனாலும் பந்து எதிரியிடமே போனது. அடுத்து மார்ஷான் லிஞ்சிடம் பந்தைக் கொடுத்தார்கள். ஒருவர், இருவர் பிடித்தால் நிற்கிற ஆளில்லை அவர். நான்கு யார்டு ஓடினார். ஒரு யார்டு மிச்சமிருக்க விழுந்தார். கடிகாரம் ஓடுகிறது. பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசெக் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் கேட்காமல் சும்மா நிற்கிறார். 26 நொடி இருக்கும்போது ரஸ்ஸல் வில்சன் பந்தை வாங்கி எறிகிறார். பட்லர் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு முன்னால் பாய்ந்து பறித்துக்கொள்கிறார். முடிந்தது.

பட்லர், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத பையன். மேற்கு அலபாமா என்ற சின்னக் கல்லூரி, அதற்கு முன்னால் கோழி வறுவல் கடையில் வேலை. அந்த வாரப் பயிற்சியில் இதே உத்தியில் அவரே ஏமாந்திருக்கிறார், ஒரு நொடி தாமதித்ததால். நிஜ ஆட்டத்தில் தாமதிக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. படித்த பாடம் தேர்வில் வந்தது. அதேபோல, லிஞ்சிடம் கொடுக்காமல் எறிந்தது முட்டாள்தனம் என்று அப்போதைய சியாட்டில் பயிற்சியாளர் பீட் கரோலை இன்றுவரை திட்டுகிறார்கள். அந்தப் பருவத்தில் அதுவரை, ஒரு யார்டிலிருந்து எறிந்த எந்தப் பந்தும் லீக்கில் எதிரணியிடம் சிக்கவில்லை. அதே தூரத்தில் லிஞ்சிடம் ஐந்து முறை பந்தைக் கொடுத்ததில் ஒரே ஒரு முறைதான் டச்டவுன். கரோலின் கணக்கில் பிழையில்லை. பட்லர் அதைப் பொய்யாக்கினார்.

அதே காட்சியைப் பட்லரை விட்டுவிட்டு ஒரு முறை பாருங்கள். பிராண்டன் பிரவுனர் கேர்ஸை நின்ற இடத்திலேயே கட்டி நிறுத்துகிறார். கேர்ஸ்தான் பட்லரின் வழியை மறிக்க வேண்டியவர். பிரவுனர் ஒரு அடி விட்டுக்கொடுத்திருந்தால் பட்லர் முட்டி நின்றிருப்பார். சரி, அதற்கு முந்தைய வாய்ப்புக்குப் போங்கள். லிஞ்சை ஒரு யார்டில் விழவைத்தவர் யார்?

டான்டே ஹைடவர். என் நான்காவது பெயர்.

லைன்பேக்கர். தோள்பட்டைக்குள் கிழிசலோடு ஆடிக்கொண்டிருந்தார், பருவம் முடிந்ததும் அறுவை சிகிச்சைக்குப் போனார். தன்னை மறித்த பெரிய உடம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து லிஞ்சைப் பிடித்தார். இன்னும் மூன்றடி லிஞ்ச் விழுந்திருந்தால் பட்லர் என்ற பெயரை நாம் கேட்டே இருக்க மாட்டோம். கரோலைத் திட்டவும் ஆளில்லை. அந்த நேரம் அரங்கத்தில் யாரும் ஹைடவருக்குக் கைதட்டவில்லை. நியூ இங்கிலாந்து ரசிகர்கள்கூட முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். நாம் பறித்ததை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், நிறுத்தியதை மறந்துவிடுகிறோம்.

இவர் ஒரு முறை செய்துவிட்டுப் போனவரும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். அட்லாண்டா 28, நியூ இங்கிலாந்து 12, எட்டரை நிமிடம்தான் மிச்சம். மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்க அட்லாண்டாவுக்கு ஒரு யார்டு போதும். மேட் ரயன் எறியக் கையைத் தூக்குகிறார், ஹைடவர் வந்து பந்தைத் தட்டிவிடுகிறார். பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றார்கள். ஊரெல்லாம் அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைக் கொண்டாடியது.

ஒரு வேடிக்கை சொல்லவா? ஜோன்ஸ், ஹாரிசன், பட்லர் மூன்று பேருமே டிராஃப்டில் யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள். ஹைடவரோ முதல் சுற்றிலேயே தேர்வானவர். ஏழை ஜெயிக்கிற கதை நமக்குப் பிடிக்கும். சம்பளத்துக்கேற்ற வேலையைச் செய்தவனைப் பற்றிக் கதை சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

இதையெல்லாம் தாண்டி என் மனசுக்குப் பிடித்த ஒன்று உண்டு. அது எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாது. 1993 ஜனவரி, பசடேனா. டல்லாஸிடம் பஃபலோ 52-17 என்று தோற்கிறது, மானம் போகிறது. லியான் லெட் கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஓடுகிறார், கொண்டாட்டத்தில் கையை நீட்டி வேகத்தைக் குறைக்கிறார். பஃபலோவின் டான் பீபி பின்னாலிருந்து துரத்தி வந்து, கோட்டுக்குச் சற்று முன் பந்தைத் தட்டிவிடுகிறார். பீபி தடுப்பு வீரரே இல்லை, பந்தைப் பிடிக்கிறவர். ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை. எதற்காக ஓடினார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் அதை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆக என் வரிசை இது: ஹைடவர், லிஞ்சை நிறுத்தியதற்கு. அடுத்து ஹாரிசன். மூன்றாவதாகத்தான் பட்லர். 1960 இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் கிரீன் பே ஆளைக் கோட்டுக்கு முன்னால் அமுக்கிப் பிடித்த பிலடெல்பியாவின் சக் பெட்னாரிக்கை விட்டுவிட்டேன் என்று பின்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஐயா, முதல் கேள்வி உங்களுடையது, மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்டன்காரர்கள் அடுத்து.