புரூஜ்: இரண்டு பேர், இரண்டு இரவு

வணக்கம் நேயர்களே.

லண்டனில் வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடக்கூடிய பழைய ஊர்களில், கணவன் மனைவி இருவராகப் போய்வர பெல்ஜியத்தின் புரூஜ் நகரம் மிகப் பொருத்தமானது. அந்த ஊரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். போனால் இரண்டு இரவு தங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலா மட்டும் வேண்டாம்.

பகல் 11 மணியிலிருந்து மாலை 5 மணிவரை புரூஜ் வெளியூர்க்காரர்கள் கையில் இருக்கிறது. பிரசல்ஸிலிருந்து வரும் பேருந்துகளும், பக்கத்து ஸேபுருக துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பல்களும் அந்த நேரத்தில்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். மாலை 6 மணிக்கு மேல் ஊர் காலியாகிவிடும். கால்வாய்த் தண்ணீர் அசையாமல் நிற்கும், செங்கல் வீடுகளின் படிக்கட்டு போன்ற முகடுகள் அதில் தலைகீழாகத் தெரியும். ஒருநாள் பயணத்தில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. இரண்டு இரவு தங்கினால் இரண்டு மாலையும் இரண்டு காலையும் உங்களுடையவை.

இத்தனை பழைய வீடுகள் ஓர் ஊரில் எப்படி மிஞ்சின? 1134-இல் வந்த கடல் கொந்தளிப்பு, ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே கப்பல்கள் வந்தன. இங்கிலாந்தின் கம்பளி வந்து இறங்கியது, துணி வணிகம் செழித்தது. 15-ஆம் நூற்றாண்டில் அதே நீர்வழி மணல்மேடிட்டுத் தூர்ந்துபோக, வணிகம் ஆன்ட்வெர்ப்புக்கு இடம்பெயர்ந்தது. புரூஜ் ஏழையானது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அந்த வறுமைதான் ஊரைக் காப்பாற்றியது. 2000-ஆம் ஆண்டில் பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இனிப் பயணத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் நீங்கள் உள்ளே நுழையும் நாளில், கடவுச்சீட்டு வழங்கி 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு இன்னும் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பிரிட்டனில் வாழ்பவர்களுக்கு, பெல்ஜியம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். பிரிட்டன் விசா அங்கே செல்லாது. கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். பயணத்துக்கு 15 நாளுக்கு முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தாலும், நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில், பிரசல்ஸுக்குப் போகும் யூரோஸ்டார் விரைவு ரயிலின் நுழைவு வாயில் ரயில் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போதே மூடிவிடும். கைரேகையும் படமும் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருப்பதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. பிரசல்ஸ் மிடி நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மாலை 4 மணிக்குக் கிளம்பினால் அந்த ஊர் நேரப்படி 7 மணி.

மிடியிலிருந்து புரூஜுக்கு உள்நாட்டு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்தச் சீட்டுக்கு இருக்கை எண் கிடையாது, அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம். யூரோஸ்டார் தாமதமானாலும் பணம் போகாது. ஏறுமுன் வாங்கிவிடுங்கள், ரயிலுக்குள் வாங்கினால் கூடுதலாகக் கட்ட வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சிலும் டச்சிலும் மாறி மாறி வரும். பிரெஞ்சில் Bruges, டச்சில் Brugge என்று இருக்கும், இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஊஸ்டெண்டே கடற்கரைக்குப் போகும் ரயில்தான் பெரும்பாலும் புரூஜ் வழியாகப் போகும். அதனால் வெயிலடிக்கும் சனிக்கிழமை காலையில் நிற்கவும் இடமிருக்காது. வெள்ளி மாலையே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு ஒன்றரை கிலோமீட்டர், இருபது நிமிட நடை. ஆனால் தெருவெல்லாம் கருங்கல் பாவியது. சின்னச் சக்கரம் வைத்த பெட்டியை அதில் இழுத்தால் சத்தமும் வரும், சக்கரமும் போகும். தோளில் மாட்டும் பை போதும், இல்லாவிட்டால் பேருந்து பிடியுங்கள். காலணியும் தட்டையாக, தடித்த அடியோடு இருக்கட்டும். தங்கும் விடுதிகள் பல பழைய வீடுகள். மின்தூக்கி இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தள அறையை முன்பே கேளுங்கள். இரவு 9 மணிக்குப் போய்ச் சேர்வதாக இருந்தால் அதையும் எழுதித் தெரிவியுங்கள். சிறிய விடுதிகளில் அந்நேரம் கதவு திறக்க ஆள் இருப்பதில்லை, சாவிப்பெட்டிக்கு எண் அனுப்புவார்கள். உணவகச் சமையலறைகளும் 9:30, 10 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும்.

வெள்ளி இரவு செய்ய வேண்டியது ஒரு நடை மட்டும். மார்க்ட் சதுக்கத்தில் தொடங்கி பர்க் சதுக்கம், அங்கிருந்து வளைவுக்குக் கீழே போகும் குறுகிய சந்து. அதன் பெயர் குருட்டுக் கழுதைத் தெரு. அதைத் தாண்டினால் மீன்சந்தை, பிறகு ரோஸன்ஹுட் படித்துறை. ஊரின் புகழ்பெற்ற படமெல்லாம் எடுக்கப்படும் மூலை இதுதான். பகலில் கைப்பேசிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில், இரவு பத்து மணிக்கு நிதானமாக நிற்கலாம். அப்படியே டைவர் கால்வாய்க்கரை வழியே போனிஃபாசியஸ் பாலம்வரை போங்கள். பாசி படிந்து பழமையாகத் தெரிந்தாலும், அந்தப் பாலம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது.

சனி காலை முதல் வேலை மணிக்கூண்டு. 83 மீட்டர் உயரம், 366 படி, மின்தூக்கி கிடையாது. ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்களுக்கு வரம்பு உண்டு, ஆகவே நாளின் முதல் நேரச் சீட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள். மேலே போகப் போகச் சுழற்படி ஒடுங்கும், இறங்குகிறவர்களும் அதே படியில்தான் வருவார்கள், பிடிக்கக் கயிறுதான். சேலை கட்டி ஏறுவது ஆபத்து. உச்சிக்குச் சற்றுக் கீழே அவசரப்படாமல் நில்லுங்கள். அங்கே ஒரு மாபெரும் உலோக உருளை இருக்கிறது. அதில் 30,000-க்கும் மேற்பட்ட சதுரத் துளைகள். துளைகளில் செருகிய முளைகள், உருளை சுழலும்போது நெம்புகோல்களைத் தட்டும், நெம்புகோல் கம்பியை இழுக்கும், கம்பி மேலேயுள்ள சுத்தியலைத் தூக்கி மணியில் அடிக்கும். முளைகளை இடம் மாற்றினால் மெட்டு மாறும். கால்மணிக்கொருமுறை அது ஓடும். அந்த நேரத்தைப் பார்த்து ஏறினால் கண்முன்னாலேயே காணலாம். மொத்தம் 47 மணிகள்.

அடுத்தது அன்னை மரியாள் தேவாலயம். மரியாளும் குழந்தை இயேசுவுமாக மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்குச் சிலை ஒன்று இங்கே இருக்கிறது, அவர் வாழ்நாளிலேயே இத்தாலியை விட்டு வெளியே வந்த சிலை. 1794-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1944-இல் ஜெர்மானியர்களும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கமொன்றில் கண்டெடுத்து மீட்டார்கள். குழந்தை மடியில் இல்லை. தாயின் முழங்கால்களுக்கிடையே நின்று, ஒரு காலைக் கீழே வைக்கப் போகிறது. தாய் அதன் கையைப் பிடித்திருக்கிறாள், ஆனால் குழந்தையைப் பார்க்கவில்லை. இருவருமாக நின்று பார்க்க வேண்டியது அந்தக் கைப்பிடி. கிட்டே போக விடமாட்டார்கள், கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஞாயிறு முற்பகலில் வழிபாடு நடப்பதால் சிலையுள்ள பகுதி மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பலர் ஞாயிறு காலைக்கு இதை ஒதுக்கிவைத்து ஏமாறுகிறார்கள்.

படகு அரைமணி நேரம் ஓடும். மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதிவரை காலை 10 மணிக்குத் தொடங்கும். முதல் படகு அல்லது மாலைக் கடைசிப் படகு, இரண்டில் ஒன்று. இடையில் வரிசையில் நிற்பது அந்த வார இறுதியையே தின்றுவிடும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பெல்ஜியத்தின் உருளைக்கிழங்கு வறுவலை இரண்டு முறை பொரிப்பார்கள், அந்த மொறுமொறுப்பு அதனால்தான். ஆனால் பொரிப்பது பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவர்களும் எந்தக் கொழுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தக்காளி சூப்பில் சிறு இறைச்சி உருண்டை மிதக்கும். வாஃபிளில் முட்டை உண்டு. சாக்லேட் மிட்டாய்களில் சிலவற்றுக்குள் மதுபானம் இருக்கும், அதையும் கேட்கலாம், பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும். பாலேடு நிரப்பிய சாக்லேட்டைச் சீக்கிரம் தின்றுவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளை பூக்கும். வீட்டிலிருந்து கட்டிப்போக நினைத்தால் தயிர்சாதமும் பால்கோவாவும் கூடாது, பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. நெய் சேர்க்காத புளியோதரை எடுத்துப் போகலாம்.

ஞாயிறு காலை கிழக்கே, செயின்ட் ஆனா பகுதிக்கு நடந்து போங்கள். கடை கிடையாது, கூட்டமும் கிடையாது. பழைய கோட்டைக்கரை மேட்டில் நான்கு காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் செயின்ட் யான்ஸ்ஹாய்ஸ் ஆலை 1770-இல் கட்டியது, இன்றும் மாவரைக்கும். அங்கிருந்து சைக்கிள் வாடகைக்கு எடுத்தவர்கள் கால்வாய்க்கரையோடு டாம என்ற சிற்றூர்வரை போகலாம். 7 கிலோமீட்டருக்குள், மேடுபள்ளமே இல்லாத பாதை, இருபுறமும் உயர்ந்த மரங்கள். ஆனால் காற்று பலமாக இருக்கும், போகும்போது மிதிப்பது லேசாக இருந்தால் திரும்பும்போது எதிர்க்காற்றில் இரட்டிப்பு நேரம் ஆகும்.

மிச்சமுள்ள நேரத்துக்கு பெகெய்ன்ஹோஃப். 1245-இல் தோன்றிய பெண்கள் குடியிருப்பு. வெள்ளை வீடுகள் நடுவே உயர்ந்த மரங்கள், மார்ச் ஏப்ரலில் தரையெல்லாம் மஞ்சள் நார்சிசஸ் பூ. இப்போது கன்னியர்கள் வாழ்கிறார்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். மாலை 6:30-க்கு வாயிலைச் சாத்திவிடுவார்கள். அதையொட்டிய மின்னவாட்டர் ஏரியைக் கடந்தால் நிலையம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆகவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இங்கே வந்துவிடலாம், ஊருக்குள் திரும்பிப் போக வேண்டியதில்லை. மிடி நிலையத்தில் பிரிட்டன் எல்லைச் சோதனையும் அங்கேயே நடக்கும். யூரோஸ்டார் கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக புரூஜில் ரயிலேறிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.