47 சதவீதத்தில் நின்றுவிட்டதா? கேபிளைப் பிடுங்காதீர்கள்! | முதல் கஸ்டம் ரோம்

[மேசை மேல் ஒரு பழைய ரெட்மி நோட் 4, பக்கத்தில் மடிக்கணினி]

இன்று இந்தப் போனில் ஒரு வேலை செய்யப்போகிறேன். அதன் நடுவில் கணினித் திரையில் ஒரு செய்தி வரும். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “கட்டளையைப் படிப்பதில் தோல்வி: வெற்றி.”

நான் உளறவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் வரும். முதல்முறை கஸ்டம் ரோம் போடுகிறவர்கள் பலர் அந்த இடத்தில் பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்குகிறார்கள். அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் சிரித்துவிடுவீர்கள். வீடியோவை ஓட்டிப் பார்க்கலாம் என்று விரலைத் தூக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் 2008ஆம் ஆண்டுக் கூத்து ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதலில் அடிப்படையை முப்பது வினாடியில் முடித்துவிடுகிறேன். ரெட்மி நோட் 4, 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. ஆண்ட்ராய்டு 7க்குப் பிறகு தயாரிப்பாளரிடமிருந்து இதற்குப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு வரவில்லை. சாதனம் நன்றாகத்தான் இருக்கிறது, மென்பொருள்தான் கிழவனாகிவிட்டது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்த ஒன்று என்பதால், அதை எடுத்து இந்தப் போனுக்கேற்பத் தைத்துத் தரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தருவதுதான் கஸ்டம் ரோம். ‘ரோம்’ என்றால் படிக்க மட்டுமே முடிகிற நினைவகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை அழித்து எழுதுவதுதான் இன்றைய வேலை. பெயரில் பொருளைத் தேடாதீர்கள்.

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: “போனை ரூட் செய்துவிட்டேன், இனி ரோம் போட்டுவிடலாம் அல்லவா?” இரண்டும் வேறு வேறு. ரூட் என்பது குடியிருக்கும் வீட்டில் பூட்டிக் கிடந்த அறைகளின் சாவியைப் பெறுவது. ரோம் மாற்றுவது என்பது வீட்டையே இடித்துவிட்டு வேறு வீடு கட்டுவது. இடிக்கப்போகும் வீட்டின் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மாஜிஸ்க் என்ற கருவி கொண்டு ரூட் செய்தீர்கள் என்றால் அது போனைத் தொடங்கிவைக்கும் பூட் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய ரோம் அந்தப் பகுதியின் மேல் எழுதியவுடன் ரூட் போய்விடும். ரோம் போடுவதற்கு வேண்டியது பூட்லோடர் திறந்திருப்பது. பூட்லோடர் என்பவர் வாசல் காவல்காரர். தயாரிப்பாளரின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடமாட்டார்.

ஆனாலும் ரூட் செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இஎஃப்எஸ் எனப்படும் பகுதிகளையும் ‘பெர்சிஸ்ட்’ பகுதியையும் இப்போதே நகலெடுத்துக் கணினியில் வைத்துவிடுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண், சிக்னலுக்கான அளவீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவை அழிந்துபோனால் போன் ஒரு நல்ல கேமராவாகவும் பாட்டுப்பெட்டியாகவும் மட்டும் வாழும். அழைப்பு வராது.

சரி, 2008க்கு வாருங்கள்.

[திரையில்: விசைப்பலகை வெளியே நகரும் பழைய போனின் கோட்டோவியம்]

உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி டிரீம். அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் 2008 அக்டோபரில் வந்தது. திரையை நகர்த்தினால் அடியில் முழு விசைப்பலகை. வந்த சில வாரங்களிலேயே ஒருவர் தன் போனை அணைத்துப் போட்டிருக்கிறார். எதிர்முனையில் தோழி, “ஏன் பதிலே இல்லை?” என்று கேட்க, இவர் ‘ரீபூட்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அடித்தார். போன் மறுபடியும் அணைந்து தானாக எழுந்தது!

என்ன நடந்தது? போன் தொடங்கும்போதே உள்ளே, அதுவும் ரூட் அதிகாரத்தோடு, ஒரு கட்டளைச் சாளரம் கண்ணுக்குத் தெரியாமல் திறந்து கிடந்தது. சோதனைக்காக வைத்ததை மூட மறந்துவிட்டார்கள். விசைப்பலகையில் அடிக்கிற ஒவ்வோர் எழுத்தும் குறுஞ்செய்திக்கும் போனது, அந்தச் சாளரத்துக்கும் போனது. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது “கதவைச் சாத்து என்றான் ராஜா” என்று நீங்கள் சொல்ல, உள்ளேயிருந்து யாரோ எழுந்து வந்து உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? அதேதான். ஆர்வலர்கள் உடனே, வெளியிலிருந்து இணைய வழிவிடும் ‘டெல்நெட்டி’ என்ற கட்டளையை அடித்துப் போனுக்குள் முழு அதிகாரத்தோடு நுழைந்தார்கள். கூகுள் அவசரமாக அடுத்த மேம்படுத்தலில் அந்த ஓட்டையை அடைத்தது. என்னைக் கேட்டால், ஆண்ட்ராய்டு ரூட் வரலாறு ஒரு காதல் குறுஞ்செய்தியில் தொடங்கியது என்றே சொல்வேன். தோழி என்றால் காதலியா என்று தம்பி கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறான். அது நமக்கு வேண்டாத வேலை.

அந்தப் போனைச் சுற்றி வளர்ந்த ரோம்களில் ஒன்றுதான் ஸ்டீவ் கோண்டிக் உருவாக்கிய சயனோஜென்மோட். 2009 செப்டம்பரில் கூகுள் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆண்ட்ராய்டு திறந்த மூலம்தான். ஆனால் ஜிமெயில், யூடியூப், செயலிச் சந்தை ஆகியவை எங்கள் சொத்து, அவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றது. அதனால் கூகுள் செயலிகள் தனியே பிரிந்தன. இன்றைக்கும் நீங்கள் ரோம் ஒரு கோப்பு, ‘கேப்ஸ்’ இன்னொரு கோப்பு என்று இரண்டாகத் தரவிறக்குகிறீர்களே, அந்தப் பிரிவினை அப்போது வந்தது. பிறகு சயனோஜென் நிறுவனமானது, ஒன்பிளஸ் ஒன் போனில் அதிகாரபூர்வமாக ஏறியது, இந்திய உரிமை யாருக்கு என்று மைக்ரோமேக்ஸ் 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, 2016 டிசம்பரில் சயனோஜென் கடையை மூடியது. அதன் சாம்பலிலிருந்து எழுந்ததுதான் லினேஜ். இன்று நாம் போடப்போவது அதைத்தான்.

இனி வேலை. அமைப்புகளில் மியுஐ, அதாவது ரெட்மி போனோடு வரும் மென்பொருளின் பதிப்பு எண்ணின் மேல் ஏழு முறை தட்டுங்கள். “நீங்கள் இப்போது டெவலப்பர்” என்று போன் சொல்லும். நான்கு ஆண்டு பொறியியல் படித்தவர்கள் கோபப்படாதீர்கள். அப்போது திறக்கும் டெவலப்பர் அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஓஇஎம் அன்லாக்கை இயக்கி, உங்கள் மி கணக்கை இணைத்து, விண்டோஸ் கணினியில் அன்லாக் கருவியை ஓட்டினால், காத்திருக்கச் சொல்லும். பல போன்களுக்கு 168 மணி நேரம், அதாவது ஒரு முழு வாரம். திருடிய கையோடு யாரும் திறந்துவிடக் கூடாது அல்லவா? திறக்கும்போது போனில் உள்ள எல்லாமே அழிவதும் அதே காரணத்தால்தான். கதவு திறக்கலாம், ஆனால் பழைய குடித்தனக்காரரின் பீரோவில் ஒரு துணிகூட மிஞ்சாது. படங்களை முன்பே நகலெடுத்துவிடுங்கள். “எடுக்க மறந்துவிட்டேன், மீட்க வழி உண்டா?” என்று பிறகு கேட்காதீர்கள். கிடையாது.

ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட், அதாவது கணினியின் கட்டளைக்குப் போன் காத்திருக்கும் நிலை. திரையில் குல்லா போட்ட ஒரு முயல், ஆண்ட்ராய்டு பொம்மையை உட்காரவைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த திரை இது. இதைப் பார்த்தால் மனம் தைரியமாகிவிடும்.

[தம்பி முயலை நெருக்கத்தில் காட்டுகிறான்]

இங்கே ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். உங்கள் போனின் குறிப்பெயரைப் பாருங்கள். கடையில் இது ரெட்மி நோட் 4. பொறியாளர்களிடம் இதன் பெயர் ‘மிடோ’. நோட் 5 புரோ ‘வைரெட்’, நோட் 7 ‘லாவெண்டர்’, போக்கோ எஃப்1 ‘பெரிலியம்’. இதே நோட் 4 என்ற பெயரில் மீடியாடெக் சிப்புடன் ‘நிக்கெல்’ என்று இன்னொரு போனும் உண்டு! பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பி ரோம் தேடினால் அண்ணனுக்குப் பார்த்த பெண்ணைத் தம்பிக்குக் கட்டிவைத்த கதையாகிவிடும்.

அடுத்து ரெக்கவரி, அதாவது ரோமை அழிக்கவும் நிறுவவும் உதவும் தனிப் பகுதி. ஃபாஸ்ட்பூட் கட்டளையால் டிடபிள்யூஆர்பி என்ற மாற்று ரெக்கவரியின் கோப்பை ஏற்றியவுடன், போனைச் சாதாரணமாகத் தொடங்கவிடாமல், ஒலியை ஏற்றும் பொத்தானை அழுத்தி நேரே ரெக்கவரிக்குள் போய்விடுங்கள். ஒருமுறை பழைய ரோமுக்குள் போனால், அது தன் பழைய ரெக்கவரியை மறுபடி எழுதிவைத்துவிடும். உள்ளே போய் ‘ஃபார்மட் டேட்டா’. ‘வைப்’ போதாது, ‘ஃபார்மட்’. பழைய ரோம் பூட்டிவைத்த தரவைப் புதிய ரோமால் படிக்க முடியாது. இதை நான் எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன். முதல்முறை நான் வைப் மட்டும் செய்தேன். முதல் தொடக்கம் தாமதமாகும் என்று படித்திருந்ததால், சுற்றிக்கொண்டே இருந்த போனைத் தலைமாட்டில் வைத்து இரண்டு மணி நேரம் காவல் காத்தேன். அம்மா எழுந்துவந்து, “யாருக்கடா உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் சுற்றினால் அது பூட்லூப். போன் செத்துச் செங்கல் ஆகிவிடவில்லை, திரும்பப் போய் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்.

இப்போது சைட்லோட். கணினியிலிருந்து கேபிள் வழியாக ரோம் கோப்பை அனுப்புகிறோம். எண் ஏறுகிறது, 20, 35, 44...

[கணினித் திரை: 47%. இசை நிற்கிறது]

வந்துவிட்டோம். 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. கீழே, “கட்டளையைப் படிப்பதில் தோல்வி: வெற்றி.”

கேபிளில் கை வைக்காதீர்கள். போன் திரையைப் பாருங்கள், வேலை முடிந்திருக்கிறது. அப்படியானால் மீதி 53 சதவீதம் எங்கே? இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சைட்லோடில் கணினி கோப்பைத் தள்ளுவதில்லை. போன்தான் “அந்தத் துண்டைக் கொடு, இந்தத் துண்டைக் கொடு” என்று கேட்டு வாங்குகிறது. தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ மேம்படுத்தலாக இருந்தால் ரெக்கவரி அதை இரண்டு முறை படிக்கும். முத்திரை சரியா என்று பார்க்க ஒருமுறை, நிறுவ இன்னொரு முறை. ஜிப் கோப்பின் அட்டவணையைப் புரட்டக் கொஞ்சம் கூடுதல். ஆகவே கோப்பின் அளவைப்போல 2.13 மடங்கு போய்ச் சேர்ந்தால் அது 100 சதவீதம் என்று அந்த நிரலை எழுதியவர்கள் ஒரு மதிப்பீடு வைத்தார்கள். நம் ரெக்கவரியோ முத்திரையைப் பார்ப்பதில்லை, ஒரே முறைதான் படிக்கிறது. நூறை 2.13ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 47!

கல்யாணத்தில் இரண்டு பந்திக்கும் பிறகு வருகிற நான்கு பேருக்குமாகச் சேர்த்து இலை வாங்கி வைத்திருக்கிறார் சமையல்காரர். வந்தவர்கள் எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசம்வரை சாப்பிட்டு, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சமையல்காரர் மிஞ்சிய இலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு “கல்யாணம் பாதியில் நின்றுவிட்டதே” என்று தலையில் கை வைத்தால்? அந்தச் சமையல்காரர்தான் உங்கள் கணினி.

சரி, ‘தோல்வி: வெற்றி’ எப்படி வந்தது? போன் வேலை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டது. கணினி ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதிவிட்டுக் காரணத்தையும் சேர்க்கப் பிழை எண்ணைத் தேடுகிறது. பிழையே நடக்காததால் எண் 0. லினக்ஸில் பூஜ்யத்துக்கு எதிரே எழுதியிருக்கும் சொல் ‘வெற்றி’. புகார் மனுவில் “குற்றம்: ஏதுமில்லை” என்று எழுதிக் கொடுத்ததுபோல. நிரல் எழுதியவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, கட்டிப்பிடிக்கத்தான் தோன்றுகிறது.

தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறான். கேப்ஸ் கோப்பை இப்போதே, முதல்முறை தொடங்குவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். பிறகு ஏற்றினால் செயலிகள் வரிசையாகத் தடுக்கி விழும்.

அடுத்தது கசப்பான செய்தி. பூட்லோடர் திறந்த போனை வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் சந்தேகமாகப் பார்க்கும். சில திறக்கவே மறுக்கும். கூகுளின் ‘ப்ளே இன்டெக்ரிட்டி’ சோதனை அவற்றுக்குக் கோள் சொல்லிவிடும். ஏமாற்ற வழிகள் உலவுகின்றன. இன்று பலிப்பது நாளை பலிக்காது, நான் அதைக் கற்றுத்தரப் போவதும் இல்லை. சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். வேறு ஃபர்ம்வேரை ஏற்றியதும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின்னணு உருகி எரிந்துவிடும். பழைய ரோமுக்கே திரும்பினாலும் அது எரிந்தது எரிந்ததுதான், ரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் மறுபடி வராது. சம்பளம் வந்து விழும் போனில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. இழுப்பறையில் தூங்கும் பழைய போன் எதற்கு இருக்கிறது?

[போன் திரை: வளைந்த கோட்டின் மேல் ஒரு வட்டம் நகர்கிறது]

தொடங்கிவிட்டது. இந்த வட்டம் இப்படியே ஓடட்டும், நான் காபி குடிக்கிறேன். உங்கள் இழுப்பறையில் என்ன போன் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், கடையில் வாங்கிய பெயர் வேண்டாம், குறிப்பெயர் வேண்டும். அதிகம் பேர் எழுதும் போனைத் தேடிப்பிடித்து அடுத்த வீடியோவில் திறக்கிறேன்.

ஆறு நிமிடம் ஆயிற்று. வரவேற்புத் திரை வந்துவிட்டது, மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. முதலில் நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ். ஐஎம்இஐ எண்கள் இரண்டும் வருகின்றன. சிம்மைப் போட்டு அம்மாவை அழைக்கிறேன். உள்ளே அடுக்களையில் மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார். “வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எதற்கடா போன் செய்கிறாய்?”