பெரணி மூடிய பள்ளத்தாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் வடகோடிக் கடற்கரையில் ஃபெர்ன் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் சுவர்கள் ஏறத்தாழ 50 அடி உயரந்தான். ஆனால் அடி முதல் உச்சி வரை பெரணிச் செடிகள் போர்த்திக்கொண்டிருப்பதால் பல இடங்களில் மண்ணே கண்ணில் படாது.

ஹோம் கிரீக் என்ற ஓடை அறுத்த வழி அது. முற்காலத்தில் நீரோட்டம் கொண்டுவந்து குவித்த மணலையும் சரளையையும் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. சுவர்களில் நீர் ஓயாமல் கசிகிறது. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. விதைக்குப் பதிலாக அது உதிர்க்கும் ஸ்போர் என்ற நுண்ணிய தூள் ஈரத்தில் விழுந்து, நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைத் தகடாக முளைக்கிறது. அந்தத் தகட்டின் மேல் படிந்த நீரில் ஆணணு நீந்திப்போய் முட்டையைச் சேர்ந்தால்தான் புதிய செடி. நீர் சொட்டும் இந்தச் சுவர்களில் பெரணி இப்படிச் செழிப்பதற்கு அதுவே காரணம். சுவரைத் தொட்டுப் பார்க்க ஆசை வரும். பாசியைப் பிய்த்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பள்ளத்தாக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அருகிலேயே கோல்டு பிளஃப்ஸ் கடற்கரை. 1850-ஐ ஒட்டி அதன் மணலில் பொன்துகள் தேடி ஆட்கள் குவிந்தார்கள். இன்று அங்கே ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேய்கின்றன. எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் நெருங்கக் கூடாது. கன்று ஈன்ற பெண்மானும், இணைசேரும் பருவத்து ஆண்மானும் பாய்ந்துவிடும்.

மேட்டில் ரெட்வுட் காடு, உலகிலேயே மிக உயர்ந்து வளரும் மர இனம். கோடையில் இங்கே மழை அரிது. கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி இலைகளில் திரண்டு சொட்டி வேர்களை நனைக்கிறது. 1980-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கடலில் மீன் பிடித்து உண்ணும் இந்தப் பறவை, முட்டையிட இந்த முதுமரங்களின் பாசி படர்ந்த பெருங்கிளைகளைத் தேடி வருகிறது. இடுவது ஒரே ஒரு முட்டை. நாம் சிந்தும் ரொட்டித் துணுக்குகளுக்காக அண்டங்காக்கைகளும் ஜே பறவைகளும் கூடுகின்றன. கூடியவை அந்த முட்டையையும் கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. உணவு கொண்டு போனால் ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு வாருங்கள்.