பசையை எடுப்பதற்கு முன்னால்

வணக்கம். குழந்தைகளுக்குப் பொருட்களை வகை பிரிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பசை டப்பாவைக் கடைசி வரைக்கும் திறக்காதீர்கள்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? சிவப்புத் துண்டெல்லாம் இந்த அட்டையில் ஒட்டு, நீலமெல்லாம் அந்த அட்டையில் ஒட்டு என்கிறோம். பிள்ளையும் ஒட்டுகிறது, நாமும் சுவரில் மாட்டுகிறோம். ஆனால் அந்தத் துண்டுகளிலேயே வட்டமும் சதுரமும் இருந்தன, வழவழப்பும் சொரசொரப்பும் இருந்தன. ஒட்டிய பிறகு அதையெல்லாம் எப்படிப் பிரிப்பது? ஒட்டாமல் வைத்திருந்தால் மொத்தத்தையும் கலைத்துவிட்டு, "சரி, இப்போது வேறு மாதிரி பிரி பார்க்கலாம்" என்று சொல்லலாம். அந்த இரண்டாவது தடவையில்தான் யோசனையே ஆரம்பிக்கிறது.

அது சின்னவர்களுக்கு லேசான காரியமும் இல்லை. ஃபிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரின் பெயரோடு பேசப்படும் ஒரு சீட்டுச் சோதனை இருக்கிறது. முதலில் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும், அப்புறம் வடிவம் பார்த்து. 3 வயதுப் பிள்ளைகளில் பலர் புது விதியை வாயால் சரியாகச் சொல்வார்கள், கை மட்டும் பழையபடி நிறத்தையே பார்த்துப் போடும். 5 வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்குக் கை வந்துவிடுகிறது. அதனால் அடம் பிடிக்கிறது என்று திட்டாதீர்கள். ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வை என்றதும் சதுரத்தின் தலையில் முக்கோணத்தை வைத்து "வீடு!" என்று சொல்லும் குட்டிகளும் உண்டு, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் இதை அந்தக் காலத்திலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சிறுமியிடம் பழைய பொத்தான்களைக் கொட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு குவியல் வைத்துவிட்டாள். நானும் குனிந்து பார்க்கிறேன், நிறமா என்றால் இல்லை, அளவா என்றால் இல்லை, துளைகளை எண்ணிப் பார்த்தேன், அதுவும் இல்லை. சும்மா கொட்டி வைத்திருக்கிறாள் என்று கலைக்கப் போகிற நேரத்தில், ஏன் இப்படி என்று கேட்டுவைத்தேன். "இதுல நூல் ஒட்டியிருக்கு, அதுல இல்ல." பார்த்தால் நிஜம்தான், ஒரு குவியல் முழுக்கத் துளைகளில் பழைய நூல் பிசிறு. சட்டையில் இருந்து வந்தவை, சட்டைக்கே போகாதவை! இதை எந்தப் பாடப் பயிற்சியில் கேட்பார்கள்?

ஆக, விதியை நீங்கள் சொல்லாதீர்கள். பிரிக்கட்டும், அப்புறம் "ஏன் இதெல்லாம் ஒன்றாக?" என்று கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பசை கடைசியில்தான். எதிலும் சேராததற்கு ஒரு தனி டப்பாவும் வையுங்கள், பிள்ளைகள் அதிகம் வாதாடுவது அந்த டப்பாவைப் பற்றித்தான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நூல் வளையம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தரையில் இரண்டு வளையம் போடுங்கள், ஒன்றில் சிவப்புப் பொத்தான், இன்னொன்றில் நாலு துளைப் பொத்தான். நாலு துளை உள்ள சிவப்புப் பொத்தானைக் கையில் கொடுத்து, எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். வளையத்தை நகர்த்தலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அப்புறம் ஒன்று, 3 வயதுக்குக் கீழே இருந்தால் பொத்தான் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள், பெரிய துணித் துண்டுகளே போதும். வணக்கம்.